கையகலத் துணி

அடாபோ, கானா
25.2.1996

அன்பு அக்காவுக்கு அறிவு எழுதறது.

வந்து இறங்கி ஒரு மாசம் ஆச்சு. உடம்பு கல்லு மாதிரி இருக்கு, கவலைப்படாதே. நீயும் மாமாவும் சௌக்கியமா? மாமாவுக்கு முட்டி வலி கம்மியாச்சா, இல்ல இன்னும் ஆபீஸ் மாடிப்படியைத் திட்டிக்கிட்டுத்தான் இருக்காரா?

மில்லைப் பத்தி எழுத ஒண்ணும் இல்ல. இத்தனை தூரம் வந்தும் அதே ஸ்பின்னிங் மிஷினு, அதே எண்ணெய் நாத்தம், அதே பஞ்சுத் தூசி. மிஷின் நின்னா கூப்பிடறாங்க, போய்ச் சரி பண்றேன். ஃபிட்டருக்கு எந்த ஊரா இருந்தா என்ன. சாப்பாட்டை நினைச்சுதான் பயந்துக்கிட்டே வந்தேன். இங்க வேர்க்கடலையை, நம்ம மல்லாட்டையைத்தான், அரைச்சுக் குழம்பு வெக்கறாங்க அக்கா! கீழ்பென்னாத்தூர்க்காரங்க யாராவது எனக்கு முன்னாடியே வந்துட்டுப் போயிருப்பாங்களோன்னு சந்தேகமா இருக்கு.

என்கூட ஷிஃப்டுல யாவோன்னு ஒருத்தன். என் வயசுதான். வாரம் பூரா மில்லுல வேலை, ஞாயித்துக்கிழமை ஆனா சொந்த ஊர்ல தறியில உக்காந்துடுவான். போன வாரம் என்னையும் இழுத்துக்கிட்டுப் போனான். ஆரணியில பட்டுத் தறி பாத்து வளந்தவன்தானே, புதுசா என்ன இருக்கப் போகுதுன்னு போனேன். அக்கா, அவங்க நெய்யற துணி ஒரு கை அகலம்தான். "இது என்னய்யா, தலைக்குக் கட்டற ரிப்பனா?"ன்னு கேட்டுட்டேன். யாவோ கோவப்படல. உள்ள போய் ஒரு போர்வையைக் கொண்டாந்து விரிச்சான். பட்டை பட்டையா நெஞ்சதையெல்லாம் ஓரத்தோட ஓரம் வெச்சுத் தெச்சது. ரெண்டு பேரு பிடிச்சாத்தான் விரிக்க முடியுது. கட்டம் கட்டமா மஞ்சளும் பச்சையும் சிவப்பும், பக்கத்துப் பக்கத்துல கச்சிதமாச் சேந்து நிக்குது. ஒரு பட்டையில மட்டும் கையை இறுக்கி அடிச்சிருந்தா கட்டமெல்லாம் சேராம போயிருக்கும். நான் ஒரு ஓரத்தைப் பிடிச்சுக்கிட்டுக் கட்டத்தை எண்ணிக்கிட்டே நின்னேன்.

பூங்கோதை வீட்ல எல்லாரையும் விசாரிச்சதாச் சொல்லு. நிச்சயம் மட்டும் ஆன பொண்ணுக்கு நான் நேரா லெட்டர் போடலாமா, தப்பா நினைப்பாங்களா? கேட்டு எழுது.

உன் பதிலைப் பாத்தாத்தான் இந்த ஊரு எனக்குப் பழகும்.
அறிவு

*

வேங்கிக்கால், திருவண்ணாமலை
30.3.1996

என் தம்பி அறிவுச்செல்வனுக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உன் லெட்டர் வந்த அன்னிக்குத்தான் எனக்குச் சோறு இறங்குச்சு. மாமா முட்டி வலியோடதான் போன பௌர்ணமிக்கு மலை சுத்திட்டு வந்தாரு. வந்து மூணு நாள் என்னை வேலை வாங்கினாரு.

கலெக்டர் ஆபீஸ்ல டைப் அடிச்சு அடிச்சு என் விரலு பத்தும் மரத்துப் போச்சு. நீ எழுதின அந்தப் பட்டைத் துணியைப் பத்தி ஆபீஸ்ல எல்லாருக்கும் சொன்னேன். அந்தக் கட்டம் எப்படிச் சேருதுன்னு சரியாப் பாத்து எழுது, மண்டை குடையுது.

பூங்கோதையோட அப்பா அப்பாசாமி வந்திருந்தாரு. அடுத்த வருஷம் வைகாசியில நீ வந்ததும் ஆனியில முகூர்த்தம் வெச்சுக்கலாமான்னு கேட்டாரு. எனக்குச் சின்ன மாமனாரு, உனக்கு மாமனாரு ஆகப் போறாரு. அக்காவும் தம்பியும் ஒரே குடும்பத்துல மாட்டிக்கறோம் பாரு. பூங்கோதை கீழ்பென்னாத்தூர்லயே ஒரு ஸ்கூல்ல டீச்சராச் சேந்துட்டா. லெட்டர் போடறதுல தப்பில்ல, ஆனா சின்ன மாமனாரு முதல்ல பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் அவ கையில குடுப்பாரு. அதை நினைச்சுக்கிட்டு எழுது.

அம்மா அப்பா இருந்திருந்தா உன் கல்யாணத்தைப் பாத்திருப்பாங்க. அவங்க இடத்துல நான் இருக்கேன், மனசுல வெச்சுக்கோ. காய்ச்சல் கீய்ச்சல் வராம கொசுவலைக்குள்ள படு.

உன் அக்கா
திரௌபதி

*

அடாபோ
19.5.1996

அக்காவுக்கு,

நலமா இருக்கேன். அதே மாதிரி நீங்களும் இருப்பீங்கன்னு நம்பிக்கிட்டு எழுதறேன். ஞாயித்துக்கிழமைன்னா இப்ப யாவோ வீடுதான் எனக்கு. அவன் பொண்டாட்டி ஆஃபி மல்லாட்டைக் குழம்பு வெச்சா ஊரே மணக்குது. வாயும் குழம்பு மாதிரிதான், காரம்.

நீ கேட்டதைப் பாத்துட்டேன். பாவு நூலை நீளமா தெருவுல இழுத்து, அந்தக் கோடியில ஒரு கட்டையில கட்டி அது மேல பாறாங்கல்லை வெக்கறாங்க. கல்லோட பாரத்துலதான் நூல் விறைப்பா நிக்குது. நெய்ய நெய்ய அந்தக் கல்லு மெதுவா மண்ணுல தேச்சுக்கிட்டே தறிகாரனைப் பாத்து நகந்து வருது. கோழிங்க அது மேல ஏறி உக்காந்து சவாரி போகுது. நூலைப் பிரிக்கற கயிறு ரெண்டும் கால்ல, கட்டை விரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவுல. கால் விரல் மாத்தி மாத்தி இழுக்க, கை குறுக்கு நூல் இருக்கற நாடாவை விட்டு விட்டு வாங்குது. கட்டம் எப்படிச் சேருதுன்னு யாவோகிட்டயே கேட்டேன். முதல் பட்டையை அளவுக்கு வெச்சுக்கிட்டு மத்ததையெல்லாம் அதோட ஒப்பிட்டுப் பாத்துப் பாத்து நெய்யறாங்களாம்.

இந்த வருஷம் பக்கத்து ஊர்ல பெரிய விழா. தறிக்கெல்லாம் ஓய்வே இல்ல, ராத்திரி பகல்னு ஆர்டர். அப்படியிருந்தும் பூங்கோதைக்கு ஒரு கல்யாணத் துணி நெஞ்சு தர்றேன்னு யாவோ சொல்லிட்டான். அவளுக்கு என்ன கலரு பிடிக்கும்? சீக்கிரம் கேட்டு எழுது, பாவு போடணும்.

அறிவு

*

வேங்கிக்கால்
7.7.1996

அன்புத் தம்பிக்கு,

உன் லெட்டர் வந்து நாளாச்சு. ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி, அதனாலதான் லேட்டு. நானும் மாமாவும் நல்லா இருக்கோம். இங்க ஆனி மாசத்து வெயிலே இன்னும் தணியல.

கோழி கல்லு மேல சவாரி போறதைப் படிச்சு மாமாவுக்குச் சிரிப்பு வந்துச்சு. அவரு சிரிச்சு ரொம்ப நாளாச்சு.

கலரு கேட்டிருந்தே. அதுக்கு இப்ப என்ன அவசரம்? உன் சிநேகிதனுக்குத்தான் விழா வேலை இருக்குதே, அவரைத் தொந்தரவு பண்ணாதே. கல்யாணத்துணியெல்லாம் நீ வந்தப்புறம் பாத்துக்கலாம். பூங்கோதை வீட்ல எல்லாரும் இருக்காங்க.

நீ உடம்பைப் பாத்துக்கோ. அங்க யாரோடயாவது சேந்தே இரு, தனியா உக்காந்து எதையும் யோசிக்காதே.

அக்கா

*

அடாபோ
6.10.1996

அக்கா,

ரொம்ப நாளா எழுதலை, கோவிச்சுக்காதே. உன் ரெண்டு லெட்டரும் வந்துச்சு. நல்லா இருக்கேன். எழுத்து கோணலா இருக்கும். கரண்டு இல்ல, மடியில அட்டையை வெச்சு எழுதறேன். பேனாவும் சரியில்ல.

மில்லுல கொஞ்ச நாள் லீவு குடுத்தாங்க. யாவோ ஊர்லயே தங்கிட்டேன். துணி பாதி வந்துடுச்சு. நீ கலரு சொல்லாததால நானே மஞ்சளும் கத்திரிப்பூக் கலரும் சொன்னேன்.

மாமாவைக் கேட்டதாச் சொல்லு.
அறிவு

*

வேங்கிக்கால்
5.11.1996

அறிவு,

லெட்டர் கிடைச்சுது. உன் எழுத்தைப் பாத்ததும் சந்தோஷம். படிச்சு முடிச்சதும் அந்தச் சந்தோஷம் போயிடுச்சு. ஒண்ணாங் கிளாஸ்ல நான் உன் கையைப் பிடிச்சு "அ" போட வெச்சேன். அப்பவே இதைவிட நல்லாப் போட்டே. ஏன்டா, அந்த ஊர்ல வேற பேனாவே கிடைக்காதா?

மில்லுல ஃபிட்டருக்கு லீவு குடுப்பாங்களா? மிஷினு ஓடற வரைக்கும் ஃபிட்டரு கூடவே ஓடணும்னு நீதானே சொல்லுவே. சண்டை கிண்டை போட்டுட்டியா? எதுவா இருந்தாலும் சொல்லு, நான் திட்ட மாட்டேன்.

துணியை நெய்யச் சொல்லிட்டியா. சரி. அவரு நெஞ்சா நெய்யட்டும்.

தீபாவளிக்கு அதிரசம் சுடப் போறேன். உனக்கு அனுப்ப வழியில்லையேன்னு ஆத்தாமையா இருக்கு. தீபத்துக்கு இப்பவே வெளியூர் ஜனம் வர ஆரம்பிச்சுட்டாங்க. ஆசிரமத்துப் பக்கம் ரூம் ஒண்ணும் காலி இல்லையாம்.

உடனே எழுது. நீளமா எழுது.
அக்கா திரௌபதி

*

அடாபோ
8.12.1996

அக்காவுக்கு,

நீளமா எழுதச் சொன்னே. எழுதறேன். உட்காந்து உட்காந்து எழுத வேண்டியிருக்கு, இது முடிக்க எனக்கு ஒரு வாரம் ஆகும் போல. சண்டையெல்லாம் ஒண்ணும் இல்ல. என்மேல யாருக்கும் கோவமும் இல்ல.

மத்தியானத்துல நான் இப்ப நூல் நூக்கறேன் அக்கா. சிரிக்காதே. தறியில பெரும்பாலும் மில்லு நூல்தான் ஓடுது, ஆனா சில துணிக்குக் கையில நூத்த நூல்தான் வேணும்னு கேட்டு வாங்கறாங்க. பஞ்சைக் கல்லு மேல வெச்சு, சப்பாத்திக்கட்டை மாதிரி ஒரு இரும்புக் கம்பியால உருட்டினா விதை தனியாத் துள்ளி வெளியில விழுது. அப்புறம் சின்ன வில்லால அடிச்சுப் பூவா ஆக்கறாங்க. நம்ம ஸ்கூல்ல தக்ளி குடுப்பாங்களே, அதே மாதிரிதான் ஒண்ணு, அடியில களிமண் உருண்டை. சுரைக்காய் ஓட்டுக்குள்ள அதை நிறுத்தி, விரல்ல வெள்ளை மாவு தடவிக்கிட்டுச் சுத்தணும். இடது கை பஞ்சை இழுத்துக்கிட்டே போகணும், வலது கை சுத்திவிடணும். முறுக்கு ஜாஸ்தியானா சுருண்டுக்கும், கம்மியானா அறுந்துடும். மில்லுல நான் ரிப்பேர் பண்ற மிஷினு ஒரே நேரத்துல நானூறு நூல் நூக்கும். எனக்கு ஒரு நூலு வர மாட்டேங்குது.

இங்க நெய்யறது ஆம்பளைங்க, நூக்கறது பொம்பளைங்க. முதல் நாள் என்னைப் பாக்க பக்கத்து வீட்டுப் பொம்பளைங்கெல்லாம் வந்துட்டாங்க. ஆஃபி சொன்னா, "நூக்கற ஆம்பளையை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். உங்க ஊர்ல பொம்பளைங்க என்ன பண்றாங்க?" நான் சொன்னேன், "எங்க அக்கா கலெக்டர் ஆபீஸ்ல இருக்கா." "அப்ப சரி, உன் அக்கா ராஜா, நீ நூலு நூத்துக்கிட்டே இரு"ன்னுட்டா. இப்ப என் பேரே அங்க "நூல்காரி"தான்.

ஒரு விஷயம். கல்யாணத்தைக் கொஞ்சம் தள்ளி வெக்க முடியுமா? ஒரு வருஷம். இல்ல அதுக்கும் மேல. அவங்க வேற இடம் பாக்கணும்னு நினைச்சா, பாக்கட்டும். நான் வருத்தப்பட மாட்டேன். காரணம் கேக்காதே அக்கா.

அறிவு

*

வேங்கிக்கால்
11.1.1997

அறிவு,

நல்லா இருக்கியான்னு இந்தத் தடவை கேக்கப் போறதில்ல. கேட்டா நல்லா இருக்கேன்னுதான் எழுதுவே.

நேத்து பஸ் ஸ்டாண்டுகிட்ட இருக்கற பூத்துக்குப் போய் உன் மில்லுக்குப் போன் போட்டேன். மாமாவும் கூட வந்தாரு. நெடுநேரம் கழிச்சு லைன் கிடைச்சுது. ஒருத்தன் எடுத்தான். உன் பேரைச் சொல்லி, இண்டியா ஃபிட்டருன்னு சொன்னேன். அவன், "ஓ! ஹி இஸ் நோ மோர்"னான். லைன் கட்டாயிடுச்சு.

இருபது வருஷமா இங்கிலீஷ்ல டைப் அடிக்கறவ நானு. அந்த ரெண்டு வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? நான் அப்படியே பூத்துத் தரையில உக்காந்துட்டேன். மாமாதான் ரிசீவரைப் பிடுங்கித் திரும்பத் திரும்ப நம்பரைப் போட்டுக்கிட்டே இருந்தாரு. கடைசியில அதே ஆளு எடுத்தான். மாமா கத்தறாரு, அவனும் கத்தறான். "நோ மோர் இன் மில்! நோ மோர் இன் மில்! ஹி இஸ் இன் யாவோ ஹவுஸ். ஹேண்ட் இஸ் பெட்டர் நௌ!"

மில்லுல இல்லையாம்! அவ்வளவுதானாம்! அந்த நிமிஷம் எனக்கு உயிர் வந்த வேகத்துல மாமாவைக் கட்டிப் பிடிச்சுட்டேன், நடு பஸ் ஸ்டாண்டுல. பூத்துக்காரன் முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் மிச்ச வார்த்தை உறைச்சுது. கை பெட்டர்னா, கைக்கு என்ன ஆச்சு? உன் லெட்டரையெல்லாம் எடுத்து வெச்சுப் பாத்தேன். அக்டோபர்ல இருந்து எழுதறது இடது கை. எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும், பயத்துல தெரிஞ்சுக்காம இருந்துட்டேன்.

எதையும் மிச்சம் வெக்காம எழுது. நீ உயிரோட இருக்கேன்னு தெரிஞ்சாச்சு. அதுக்கு மேல எதுவா இருந்தாலும் நான் தாங்கிக்குவேன்.

அக்கா

*

அடாபோ
2.2.1997

அக்கா,

உன்னை பூத்துத் தரையில உக்கார வெச்சுட்டேன். அதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. மாமாகிட்டயும் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லு.

ஆகஸ்ட் மாசம் மிஷினுக்குள்ள கையை விட்டு பல்சக்கரத்தைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் இருந்தவன் நான் இருக்கறது தெரியாம ஸ்விட்சைப் போட்டுட்டான். வலது கையில ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயிடுச்சு. யாவோதான் சட்டையைக் கழட்டிச் சுத்தி, தூக்கிக்கிட்டு ஓடினான். ஆஸ்பத்திரியில சீழ் பிடிச்சு ஜுரம் வந்து, கையையே எடுக்கணுமோன்னு டாக்டரு ரெண்டு நாள் யோசிச்சாராம். எடுக்கல. அப்புறம் யாவோ அவன் வீட்டுக்கே கூட்டிக்கிட்டு வந்துட்டான்.

மிச்சம் இருந்த விரலும் மரக்கட்டை மாதிரி மடங்காம நின்னுச்சு. ஒரு நாள் வெறுப்புல சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தேன். ஆஃபி தக்ளியைக் கொண்டாந்து மடியில போட்டா. "படுத்துக்கிட்டே எவ்வளவு நாள் என் குழம்பைத் தின்னுவே? இதைச் சுத்து." கட்டை விரலையும் மோதிர விரலையும் வெச்சுச் சுத்திப் பாத்தேன். தக்ளி உருண்டு கோழி மேல விழுந்துச்சு. அவ விடல, நானும் விடல. அதான் நான் நூல்காரி ஆன கதை. கார்த்திகை மாசம் ஒரு நாள் காலையில சட்டைப் பொத்தானை நானே போட்டேன். யாவோவைக் கூப்பிட்டுக் காட்டி, திருப்பிக் கழட்டி, திருப்பிப் போட்டுக் காட்டினேன்.

சொல்லாம விட்டது உன்னை நினைச்சுத்தான். பூங்கோதையையும் நினைச்சுத்தான். முழுக் கையோட இருந்தவனுக்குத்தானே அவங்க பொண்ணைக் குடுக்க ஒத்துக்கிட்டாங்க? என்னால மாமா குடும்பத்துக்குள்ள சண்டை வரும், நீ நடுவுல மாட்டுவேன்னு நினைச்சேன். இப்ப நீயே போய் அவங்ககிட்ட உள்ளதைச் சொல்லிடு. வேணாம்னு சொன்னா, அது அவங்க நியாயம். எனக்கு அவங்க மேல வருத்தமே இருக்காது, இது சத்தியம்.

எழுதி முடிச்சதும் நெஞ்சுல இருந்து ஒரு கல்லு இறங்கின மாதிரி இருக்கு.

அறிவு

*

வேங்கிக்கால்
25.2.1997

என் ராசா, என் அறிவு,

அழுதேன். உன் லெட்டரை வெச்சுக்கிட்டு அந்த ரெண்டு விரலுக்காகவும் அழுதேன். நான் "அ" போட வெச்ச விரலு. அழுது முடிச்சு, கடைசிப் பக்கத்தைத் திரும்பப் படிச்சேன். அப்பத்தான் சிரிப்பு வந்துச்சு. நிறுத்த முடியல. மாமா பயந்து தண்ணி கொண்டாந்தாரு.

அறிவு, பூங்கோதைக்குக் கல்யாணம் ஆகி எட்டு மாசம் ஆச்சு.

போன வருஷம் ஆனியில. அவ ஸ்கூல்லயே கணக்கு வாத்தியாரு, இனியன்னு பேரு. கல்யாணத்துக்கு முந்தின வாரம் எங்க வீட்டுக்கு வந்தா. சமையக்கட்டுல நின்னுக்கிட்டுச் சொன்னா, "அண்ணி, உங்க தம்பி நல்லவருதான். ஆனா எனக்கு எவ்வளவு யோசிச்சாலும் அவரு முகமே ஞாபகம் வர மாட்டேங்குது. இவரு முகம் கண்ணை மூடினா வருது. நான் என்ன பண்றது?" எனக்கு அவளைத் திட்டத் தோணல. "உங்க அப்பாகிட்ட சொல்லு"ன்னேன். சொல்லியிருக்கா, அவரு கத்தியிருக்காரு. ரெண்டு பேரும் போய் ரிஜிஸ்தர் பண்ணிக்கிட்டாங்க.

மாமா தன் சித்தப்பாகிட்ட முகம் குடுத்தே பேசல. "என் மச்சானுக்கு வாக்குக் குடுத்துட்டு இப்படிப் பண்ணிட்டாங்களே"ன்னு ஒரு மாசம் பொருமினாரு. பொங்கலுக்குத்தான் போக்குவரத்து சரியாச்சு. பூங்கோதை இப்ப மாசமா இருக்கா. அவ புருஷன் நல்ல புள்ளதான், பாத்தா பிடிச்சுப் போகுது.

அன்னிக்கே உனக்கு எழுதியிருக்கணும். பேனாவை எடுத்தா, நீ கலரு கேட்டு எழுதின லெட்டரு கண்ணு முன்னாடி நிக்கும். தெரியாத ஊர்ல தனியா இருக்கற புள்ளை, இதைப் படிச்சுட்டு ஏதாவது பண்ணிக்கிட்டான்னா? நீ எனக்காக மறைச்சே, நான் உனக்காக மறைச்சேன். கல்யாணத்தைத் தள்ளி வைன்னு நீ எழுதினப்ப, அப்பாடா, பொய் சொல்றதுக்கு இன்னும் ஒரு வருஷம் கிடைச்சுதுன்னு நான் நிம்மதியாப் பெருமூச்சு விட்டேன்டா!

மனசு உடைஞ்சு போகாதே. உண்மையைச் சொல்லு, ரொம்ப வலிக்குதா?

அக்கா

*

அடாபோ
23.3.1997

அக்காவுக்கும் மாமாவுக்கும்,

வலிக்குதான்னு கேட்டே. படிச்சதும் ஒரு நிமிஷம் முகத்துல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. முகமே ஞாபகம் வரலைன்னு சொன்னாளாமே! அன்னிக்கு சாயங்காலம் ஆத்துப் பக்கம் நடந்துக்கிட்டே நானும் யோசிச்சுப் பாத்தேன். நிச்சயத்தன்னிக்கு அவ கட்டியிருந்த புடவை ஞாபகம் இருக்கு, அவ அப்பா மீசை ஞாபகம் இருக்கு. அவ முகம் எனக்கும் சரியா வரல. அவளுக்குப் புரிஞ்சது எனக்குப் புரிய எட்டு மாசம் லேட்டு. நல்லா இருக்கட்டும் அக்கா. மனசாரச் சொல்றேன். திரும்பி நடந்து வர்றப்ப கை ரெண்டையும் வீசிக்கிட்டு வந்தேன். ஆறு மாசமா வலது கையை ஜோப்புல போட்டே நடந்து பழக்கம், அன்னிக்கு அது மறந்து போச்சு.

ஆஃபிகிட்ட முழுக் கதையும் சொன்னேன். நூக்கறதை நிறுத்திட்டு மண்ணுல உக்காந்து சிரிச்சா. "உங்க அக்காவும் நீயும் ஒரே கல்யாணத்தை ரெண்டு பக்கத்துலயும் நின்னு காவல் காத்திருக்கீங்க, அந்தக் கல்யாணம் அங்க இல்லவே இல்ல!" அந்தக் கல்யாணத் துணி விலை போயிடுச்சு. அடுத்த ஊரு மாப்பிள்ளை ஒருத்தன் தறியிலேயே பாத்துட்டு, மஞ்சளும் கத்திரிப்பூவும்தான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னு வாங்கிக்கிட்டுப் போனான். யாவோவுக்கு ஏக சந்தோஷம்.

இன்னொண்ணு. நூத்தது போதும், நெய்னு என்னைத் தறியில உக்கார வெச்சான் யாவோ. விரலு பத்தலையேன்னேன். "நாடாவைத் தள்ள உள்ளங்கை போதும், மிச்சத்தைக் காலு பாத்துக்கும்"னான். கால்ல கயிறு மாட்டிக்கிட்டு உக்காந்தேன். கல்லு நகர மாட்டேன்னு அடம் பிடிச்சுது. ஆனாலும் நகந்துச்சு. முழுசா ஒரு பட்டை நெஞ்சுட்டேன் அக்கா. ஒரு கட்டம் இட்லி மாதிரி, ஒரு கட்டம் தோசை மாதிரி. யாவோ பிரிச்சுப் பாத்து ரொம்ப யோசிச்சு, "ஆடு கட்டலாம்"னான். அன்னிக்கே ஆஃபி அதால ஆட்டைக் கட்டிட்டா. கெட்டியா இருக்கு, ஆட்டால அறுக்க முடியல.

மில்லுல திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. புது ஃபிட்டருங்களுக்குச் சொல்லித் தர்ற வேலை. ஸ்பேனர் பிடிக்க வருது, கொஞ்சம் நேரம் ஆகுது. முதல் நாளே சொல்லிட்டேன், கையை உள்ள விடறதுக்கு முன்னாடி மெயின் ஸ்விட்ச் சாவியை உன் ஜோப்புல போட்டுக்கோன்னு. எல்லாரும் என் கையைப் பாத்தாங்க, தலையாட்டினாங்க.

மே கடைசியில கான்ட்ராக்ட் முடியுது. முப்பதாந்தேதி மெட்ராஸ் வந்து இறங்கறேன். அலைய வேண்டாம், நானே பஸ் பிடிச்சு வந்துடுவேன்.

உங்க
அறிவு

*

வேங்கிக்கால்
20.4.1997

அறிவுக்கு,

நாங்க சுகம். இந்தத் தடவை நிஜமாவே சுகம். நேத்து ராத்திரி படுத்தவ விடியறது தெரியாம தூங்கினேன். மாமா எழுப்பித்தான் ஆபீஸ் போனேன்.

பஸ்ஸாம் பஸ்ஸு. நாங்க வர்றோம் மீனம்பாக்கத்துக்கு. வண்டி ஏற்பாடு ஆயாச்சு. யாரு வண்டின்னு கேளு. இனியனோட அண்ணனுக்குக் கீழ்பென்னாத்தூர்ல வேன் ஓடுது. நீ வர்றேன்னு கேள்விப்பட்டதும் இனியனே வீட்டுக்கு வந்தாரு. வாசல்லயே நின்னாரு, உள்ள வரக் கூச்சம். "அவரை நானே போய்க் கூட்டிக்கிட்டு வர்றேன். அவரு என்னைத் திட்டினா வழியில திட்டட்டும், ரோடு நீளமாத்தானே இருக்கு"ன்னாரு. மாமா முறைச்சுப் பாத்துட்டு, "முதல்ல உள்ள வந்து காப்பி குடிங்க"ன்னாரு. பூங்கோதையும் வரணும்னு அடம். ஏழு மாசத்தை வெச்சுக்கிட்டு வேன்ல வராதேன்னா கேக்க மாட்டேங்கறா. "இந்தத் தடவையாவது அவரு முகத்தைச் சரியாப் பாத்து வெச்சுக்கறேன் அண்ணி, பின்னாடி தெருவுல பாத்தா அடையாளம் தெரியணுமில்ல"ங்கறா. கொழுப்பைப் பாத்தியா?

யாவோவுக்கும் ஆஃபிக்கும் தனியா இங்கிலீஷ்ல லெட்டர் அடிச்சு இதோட வெச்சிருக்கேன். டைப்ரைட்டர்ல உக்காந்துட்டா எதை வேணா அடிப்பேன், இதுக்கு மட்டும் வார்த்தை வரல. கடைசியில, என் தம்பிக்குச் சோறு போட்டீங்க, உங்க வீட்ல ஒரு குறையும் வரக் கூடாதுன்னு மட்டும் அடிச்சேன். நீ படிச்சுக் காட்டும்போது இன்னும் நாலு வார்த்தை நல்லதாச் சேத்துச் சொல்லு.

இப்ப நான் சொல்றதைக் கவனமாக் கேட்டுக்கோ. வெளியில வந்ததும் கையை ஜோப்புல விட்டுக்கிட்டு நிக்காதே. நேரா என்கிட்ட வந்து கையை நீட்டு. நான் பிடிச்சுப் பாப்பேன், கொஞ்ச நேரம் அழுவேன். அப்ப நீ எனக்கு ஒரு ஆறுதலும் சொல்லக் கூடாது. மாமாவும் பேச மாட்டேன்னு ஒத்துக்கிட்டாரு. அழுது முடிச்சதும் நானே கண்ணைத் தொடைச்சுக்குவேன். வேன்ல தூக்குல புளிசோறும் வடையும் இருக்கும், செங்கல்பட்டு தாண்டினதும் ஒரு மரத்தடியில நிறுத்தி எல்லாரும் உக்காந்து சாப்பிடுவோம்.

பசியோட வந்து சேரு.
உன் அக்கா
திரௌபதி